கால் மாறி நின்ற பெரியப்பா

என் அக்காவின் கணவர் யாரைப் பார்த்தாலும் முதலில் பார்ப்பது காலைத்தான். பதினெட்டு வருடமாக நானும் கவனித்து வருகிறேன், ஒருநாளும் மாறியதில்லை. கடை வாசலில் ஆள் வந்து நின்றால் அவர் கண் தரையிலிருந்து கிளம்பி மெதுவாக மேலே ஏறும். முழங்காலுக்கு வருவதற்குள் வந்தவர் யாரென்று தெரிந்துவிடும். "வாங்க தபால்காரரே. இடது குதிகால் இன்னும் தேயுதே, பையைத் தோள் மாத்திப் போடுங்கன்னு சொன்னேனா இல்லையா?" என்று கேட்டுவிட்டுத்தான் நிமிர்வார்.

மாமா பூட்ஸ் தைப்பவர். எங்கள் மலையில் சமதரை என்று ஒரு கட்டில் போடும் அளவுக்குக்கூடக் கிடைக்காது. பள்ளிக்கூடத்துக்குப் போவதென்றாலும் சிவப்புச் சரளையில் ஏறி இறங்க வேண்டும். கல்குவாரி ஆட்கள், ஆடு மேய்ப்பவர்கள், லாரி ஓட்டுகிறவர்கள் என்று எல்லாருக்கும் மாமா தைத்த பூட்ஸ்தான்.

நான் எட்டாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு அக்கா வீட்டுக்கு வந்தவள். யாராவது முகத்தைப் பார்த்துப் பேசினால் எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். மாமா என் காலைப் பார்த்துப் பேசியதால் மூன்றாம் நாளே பதில் சொல்லத் தொடங்கிவிட்டேன். அன்றே எனக்கு ஒரு பெயரும் வைத்துவிட்டார். அமுக்குணி. கடையின் உள்ளறையில் உட்கார்ந்து மேல்தோல் தைப்பது இன்றுவரை என் வேலை. அங்கிருந்து பார்த்தால் வருகிறவர்களுக்கு என்னைத் தெரியாது, எனக்கு எல்லாரையும் தெரியும்.

மாமாவுக்கு வாயில் பூட்டு கிடையாது. ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளை மணமேடைக்கு நடந்து வரும்போதே, "தம்பி, உங்களுக்கு வலது கால் அரை விரல்கடை குட்டை" என்று சொல்லிவிட்டார். பெண்வீட்டார் முகம் கறுத்துவிட்டது. அக்கா அவர் கையைப் பிடித்துத் தரதரவென்று வெளியே இழுத்து வந்தாள். ஒரு வாரம் கழித்து அதே மாப்பிள்ளை கடைக்கு வந்து பூட்ஸுக்குள் ஒரு அட்டை வைத்துக்கொண்டு போனார். பத்து வருட முதுகுவலி போயே போய்விட்டது என்று இப்போதும் வருஷம் தவறாமல் ஒரு ஜாடி தேன் கொடுத்துவிடுகிறார். அதனால் மாமா திருந்த வழியில்லாமல் போயிற்று.

எங்கள் மலையைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான், டைனோசர் எலும்பு. பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் கல்குவாரியில் மண் சரிந்த இடத்தில் ஒரு முதுகெலும்பு வரிசை வெளியே தெரிந்தது. குவாரி மேஸ்திரி அதைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "எங்க பெரியப்பா சாப்பிட்டுட்டுக் குப்புறப் படுத்த மாதிரியே இருக்கு" என்றாராம். மேஸ்திரியின் பெரியப்பாவை ஊருக்கே தெரியும், வண்டியில் ஏறினால் வண்டி ஒரு பக்கம் சாயும். அன்றிலிருந்து அந்த விலங்கின் பெயர் பெரியப்பா. தலைநகரத்திலிருந்து ஆராய்ச்சிக்கு வந்த டாக்டரம்மா நீளமாக வேறு ஒரு பெயர் வைத்தார். அது பலகையில் மட்டும் இருக்கிறது. அவர் வந்த முதல் வாரம் காய்ச்சல், பல்வலி என்று ஆறேழு பேர் வரிசையில் நின்றார்கள். "நான் அந்த டாக்டர் இல்லீங்க" என்று சொல்லிச் சொல்லி அவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. அதற்கு மட்டும் ஒரு பாட்டி கஷாயம் வைத்துக் கொடுத்தார்.

டாக்டரம்மாவுக்குக் கை நடுங்காத ஆட்கள் தேவைப்பட்டார்கள். மெல்லிய ஊசியில் தோல் தைத்துப் பழகிய அக்கா போய் நின்றாள். பல் டாக்டர் வைத்திருப்பது மாதிரி ஒரு கொக்கி ஊசியும் ஒரு சின்னத் தூரிகையும் கொடுத்து, எலும்பைச் சுற்றியிருக்கும் கல்லை எடுக்கச் சொன்னார்கள். நாளெல்லாம் உட்கார்ந்தால் ஒரு உள்ளங்கை அகலம் சுத்தமாகும். அக்காவுக்கு அது பிடித்துப் போயிற்று. பழைய கம்பளிக் கிடங்கை மியூசியமாக மாற்றி, அதன் பின்னறையில் அவளுக்கு ஒரு மேஜையும் விளக்கும் போட்டுக் கொடுத்தார்கள். படிப்பு இல்லாததால் நிரந்தர வேலை இல்லை. வருடா வருடம் கையெழுத்துப் போட்டுப் புதுப்பிக்க வேண்டும். ஒவ்வொரு வருடமும் அந்த மாதம் வந்தால் அக்கா ஒழுங்காகச் சாப்பிட மாட்டாள்.

ஒரு கோடைக்காலம் மலைமேல் கூடாரத்தில் சமைப்பதற்கு என்னையும் கூட்டிப் போனாள். எலும்பை எப்படி எடுக்கிறார்கள் என்று அப்போதுதான் பார்த்தேன். கை முறிந்தால் போடுவார்களே, அதே மாவுக்கட்டுதான். எலும்பு பதிந்திருக்கும் கல்லைச் சுற்றிலும் வெட்டிவிட்டு, மேலே ஈரக் காகிதம் ஒட்டி, அதன்மேல் பிளாஸ்டரில் நனைத்த சாக்குத் துண்டுகளைச் சுற்றுவார்கள். இறுகியதும் அந்த மேல்பக்கத்தில் எண்ணும் திசையும் எழுதுவார்கள். பிறகு ஐந்தாறு பேர் சேர்ந்து மொத்தத்தையும் புரட்டி, அடிப்பக்கத்துக்கும் கட்டுப் போடுவார்கள். சமையல் நேரம் போக, சாக்கைத் துண்டு துண்டாக வெட்டிக் கொடுப்பதும் என் வேலையாக இருந்தது.

பெரியப்பாவின் பின்னங்கால் பாதங்கள் எடுத்த அன்று மழை பிடித்துக்கொண்டது. கால்களிலிருந்து ஒரு முழம் தள்ளி இரண்டு பாதமும் பக்கம் பக்கமாகக் கிடந்தன. இரண்டையும் ஒரே கட்டாகக் கட்டினார்கள். பாதி வேலையில் சாக்கு தீர்ந்துபோய், கூடாரத்திலிருந்த சர்க்கரை மூட்டையைக் கொட்டிவிட்டு, அந்த நீலக்கோடு போட்ட சாக்கை நான் வெட்டிக் கொடுத்தேன். அன்று எல்லாருக்கும் சர்க்கரை இல்லாத டீ. சர்க்கரையெல்லாம் மழையில் கரைந்து ஓடிக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு ஐந்து வருடம் அக்கா பெரியப்பாவைச் சுத்தம் செய்தாள். காலையில் கிளம்பும்போது, "பெரியப்பாவுக்கு விலா எலும்பு சொறிஞ்சு விடணும், நேரமாச்சு" என்பாள். கடைசியில் இரும்புக் கம்பிகளில் ஒவ்வொன்றாகப் பொருத்தி, பதினோரு மீட்டர் நீளத்துக்கு அவரை எழுப்பி நிறுத்தினார்கள்.

திறப்பு நாளன்று ஊரே கிடங்குக்குள் நின்றது. எல்லாரும் கழுத்தை வளைத்துத் தலையைப் பார்த்தார்கள். மாமா காலைப் பார்த்தார்.

நான் அவருக்கு இரண்டடி பின்னால் இருந்தேன். முன்னங்கால்களைப் பார்த்துத் தலையாட்டினார். பின்னங்கால்களுக்கு வந்ததும் நின்றுவிட்டார். குனிந்தார். இந்தப் பக்கம் போனார், அந்தப் பக்கம் போனார். பக்கத்திலிருந்த பலகையைப் படித்தார். "இவ்விலங்கு பாதங்களை வெளிப்பக்கமாகத் திருப்பி, சேற்றில் அகலமாக ஊன்றி நடந்திருக்கும்" என்று அதில் எழுதியிருந்தது. மாமா வாயைத் திறந்தார்.

அந்த நேரம் பார்த்து மேடையிலிருந்த பெரிய அதிகாரி அக்காவைக் கூப்பிட்டார். இந்த எலும்புகளுக்கு உயிர் கொடுத்த கைகள் இவருடையவை, இரண்டு மாதத்தில் இவருக்கு நிரந்தர வேலைக்கான ஆர்டர் வரும் என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார். கைதட்டலில் கூரைத் தகரம் அதிர்ந்தது. அக்கா என்ன செய்வதென்று தெரியாமல் புடவைத் தலைப்பில் கையைத் துடைத்தாள்.

மாமா வாயை மூடிக்கொண்டார். அவர் ஒன்றைச் சொல்ல நினைத்துச் சொல்லாமல் விட்டதை அன்றுதான் முதல் தடவையாகப் பார்த்தேன்.

அதற்குப் பிறகு மாமா மாமாவாக இல்லை. வாடிக்கையாளர்களிடம் "உம்", "சரி" என்று மட்டும் பேசினார். தபால்காரர் உள்ளறைப் பக்கம் எட்டிப் பார்த்து, "உங்க மாமாவுக்கு உடம்பு சரியில்லையா?" என்று என்னிடமே கேட்டுவிட்டார். நான் பதில் சொல்லாததால் காய்ச்சல் என்று ஊரில் பரவியது. வெள்ளிக்கிழமைகளில் மியூசியத்துக்கு அனுமதி இலவசம். மாமா தவறாமல் போவார், பின்னங்கால் பக்கம் நின்று பார்த்துவிட்டு வருவார், வந்ததும் தண்ணீர் குடிப்பார்.

ஆறாவது வாரம் லாரி டிரைவர் ஒருவர் புது பூட்ஸோடு திரும்பி வந்தார். இரண்டையும் கல்லாமேல் வைத்தார்.

"அண்ணே, எனக்கு ரெண்டு காலும் இடது கால்னு உங்ககிட்ட யார் சொன்னா?"

மாமா பார்த்தார். நானும் எட்டிப் பார்த்தேன். இரண்டும் இடது கால் பூட்ஸ். மேல்தோல் இரண்டையும் நான் சரியாகத்தான் வெட்டி வைத்திருந்தேன். மாமாதான் இரண்டையும் ஒரே இடது கால் மர அச்சில் ஏற்றி அடித்திருக்கிறார்.

செய்தி அக்காவுக்கு வீட்டுக்கு வரும் வழியிலேயே ரொட்டிக்கடையில் கிடைத்துவிட்டது. சமையலறைக்குள் நுழைந்ததும் பையைக்கூட வைக்கவில்லை.

"என்னங்க ஆச்சு உங்களுக்கு? ஒன்றரை மாசமா பேச்சுமில்ல மூச்சுமில்ல. இப்ப ரெண்டு இடது காலா? எதுவா இருந்தாலும் சொல்லித் தொலைங்க."

"ஒண்ணுமில்லம்மா."

"உங்க வாயில ஒண்ணுமில்லன்னு வந்தா ஊரே காலின்னு அர்த்தம். சொல்லுங்க."

மாமா தட்டைத் தள்ளி வைத்தார். அவளுடைய காலைப் பார்த்தார். "பெரியப்பா செருப்பை மாத்திப் போட்டுட்டு நிக்கிறாரு" என்றார்.

"என்னது?"

"பின்னங்கால் ரெண்டும். வலது இடத்துல இடது, இடது இடத்துல வலது. எனக்குத் திறப்பு நாள்லயே தெரியும்."

அக்கா பொரிந்து தள்ளினாள். "அஞ்சு வருஷம்! அஞ்சு வருஷம் கண்ணு பூத்துப்போக உட்கார்ந்து செஞ்சது. நீங்க மூணு நிமிஷம் குனிஞ்சு பாத்துட்டு மாத்திப் போச்சுங்கறீங்களா? அந்த எலும்பு மலை அழுத்தினதுல கோணிப்போயிருக்கு. டாக்டரம்மாவே எழுதியிருக்காங்க."

"மலை அழுத்தினா ஒரு கால் கோணும். ரெண்டு காலும் கண்ணாடியில பாக்கற மாதிரி சமமா கோணுமா?"

"பெருவிரல் நகம் ரெண்டுமே கிடைக்கல. அப்புறம் எதை வெச்சு நீங்க சொல்றீங்க?"

மாமா எழுந்து போய் தன்னுடைய பூட்ஸ் இரண்டையும் கொண்டுவந்து சாப்பாட்டு மேஜைமேல் வைத்தார், இடம் மாற்றி.

"சாப்பிடற இடத்துல பூட்ஸா!"

"திட்டறதை அப்புறம் திட்டு, இப்ப பாரு. பாதத்துல உள்பக்கம் ஒரு வளைவு இருக்கும். அது ரெண்டு பூட்ஸுலயும் ஒண்ணை ஒண்ணு பாத்து இருக்கணும். பெரியப்பாவுக்கு வெளியே பாக்குது. கணுக்கால் சந்துல வேற, உள்பக்கம் மட்டும் எவ்வளவு பசை அடைச்சிருக்கு! பொருந்தாத குதிகாலுக்கு நான் அட்டை வெக்கற மாதிரி."

அக்கா மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தாள். "ஒரு டப்பா பசை போதும்னு நினைச்சேன்" என்றாள். "மூணு டப்பா போச்சு."

எனக்குப் பேசுவதா வேண்டாமா என்று இருந்தது, ஆனால் இதைத் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

"அக்கா, பாதம் ரெண்டையும் சேத்துக் கட்டின கட்டுல இடது வலதுன்னு எழுதினது எந்தச் சாக்குமேல? சாதா சாக்கா, கோடு போட்டதா?"

"அது எதுக்கு உனக்கு?"

"கோடு போட்டது அடிப்பக்கத்துக்கு மட்டும்தான். புரட்டினப்புறம்தான் நான் அதை வெட்டிக் கொடுத்தேன்."

அக்காவுக்கு உடனே புரிந்துவிட்டது. இரண்டு ரொட்டியைத் தட்டில் பக்கம் பக்கமாக வைத்து, இன்னொரு தட்டால் மூடிப் புரட்டினால், வலதில் இருந்தது இடதுக்கு வந்துவிடும். எழுதுவதைப் புரட்டுவதற்கு முன்னால் செய்ய வேண்டும். அன்று மழையில் எழுதியவள் அக்காதான்.

மறுநாள் காலை மூன்று பேரும் மியூசியத்தின் பின்கட்டுக்குப் போனோம். உரித்த மாவுக்கட்டு ஓடுகளை அங்கே ஒரு அலமாரியில் அடுக்கி வைத்திருப்பார்கள். அக்கா கீழ்த்தட்டிலிருந்து அந்த ஓட்டை இழுத்துத் தூசியைத் தட்டினாள். ஒரு பக்கம் 'இ', ஒரு பக்கம் 'வ', அக்காவின் கையெழுத்து. எழுத்துக்குக் கீழே சர்க்கரைச் சாக்கின் நீலக்கோடு.

மாமாதான் முதலில் பேசினார். அவ்வளவு மெதுவாக அவர் பேசி நான் கேட்டதில்லை.

"இன்னும் ரெண்டு வாரத்துல ஆர்டர் வந்துடும்மா. வந்தப்புறம் சொல்லிக்கலாமே. பத்து கோடி வருஷம் மண்ணுக்குள்ள கிடந்தவரு, ரெண்டு வாரம் பொறுக்க மாட்டாரா?"

"அவரு பொறுப்பாரு. தினமும் அந்தக் காலைத் துடைக்கறது நான்தானே?" என்றாள் அக்கா. ஓட்டைக் குழந்தையைத் தூக்குவது மாதிரி இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு டாக்டரம்மாவின் அறைக்குப் போனாள்.

நானும் மாமாவும் பெரியப்பாவின் வால் பக்கம் நின்றோம். மாமா ஏழு தடவை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கதவு திறந்தது. டாக்டரம்மா நேராகப் பின்னங்கால்களுக்கு வந்து முட்டிபோட்டு உட்கார்ந்தார். கணுக்காலைத் தடவிப் பார்த்தார், பசை அடைத்த இடத்தை நகத்தால் சுரண்டினார். பிறகு தரையிலேயே சம்மணம் போட்டுவிட்டார்.

"இவர் நடையைப் பத்தி நான் எழுதின கட்டுரை பன்னிரண்டு பக்கம்" என்றார். "சேறு, சதுப்பு நிலம், பாதம் வெளியே திரும்பினதுக்குக் காரணம், எல்லாம் விளக்கியிருக்கேன். எத்தனையோ நாட்டுல படிச்சாங்க. ஒருத்தர்கூட கேள்வி கேக்கல."

"அவங்க எல்லாம் தலையைப் பாத்திருப்பாங்கம்மா" என்றார் மாமா.

டாக்டரம்மா அவரை நிமிர்ந்து பார்த்தார். அழப்போகிறாரோ என்று எனக்குப் பயமாக இருந்தது. ஆனால் சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு. முதலில் தோள் குலுங்கியது, பிறகு கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். அக்கா மட்டும் சிரிக்கவில்லை. "தப்பு என்னோடதும்மா" என்றாள்.

"உன் தப்பு அரை நிமிஷம். என் தப்பு பன்னிரண்டு பக்கம்" என்றார் டாக்டரம்மா.

இத்தோடு எல்லாம் சுபமாக முடிந்துவிடவில்லை. டாக்டரம்மா நடந்ததை மறைக்காமல் தலைமை அலுவலகத்துக்கு எழுதினார். தவறு சரிசெய்யப்பட்டு அறிக்கை வரும்வரை நியமனம் நிறுத்தி வைக்கப்படுகிறது என்று பதில் வந்தது. அக்கா அந்தக் கடிதத்தை மடித்துப் பருப்பு டப்பாவுக்குப் பின்னால் வைத்தாள். மாமா சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்தார்.

"என் வாயை வெச்சுக்கிட்டு நான் சும்மா இருந்திருக்கலாம்" என்றார்.

"ஒன்றரை மாசம் சும்மாதானே இருந்தீங்க? வீடு வீடா இருந்துச்சா?" என்றாள் அக்கா. "சாப்பிடுங்க. நாளைக்கு ஒரு டிரைவர் ரெண்டு வலது காலோட வந்து நிக்கப்போறாரு."

மியூசியத்தைப் பதினோரு நாள் மூடினார்கள். பழைய பசையைச் சுரண்டி எடுக்கவே ஒரு வாரம் ஆயிற்று. மாமா கடையைச் சாத்திவிட்டு அங்கேயே கிடந்தார், வலப்பாதத்தை வலது காலில் பொருத்தியபோது பக்கத்தில் படுத்துக்கொண்டு பார்த்தார். நன்றாகத் தைத்த பூட்ஸுக்குள் குதிகால் இறங்கும்போது ஒரு சத்தம் வரும். அதே மாதிரி ஒரு சின்ன சத்தம் கேட்டது. "சேந்துடுச்சு" என்றார் மாமா. பசை ஒரு டப்பாகூட முழுதாகத் தீரவில்லை.

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? ரொட்டிக்கடைக்காரர் கடை வாசலிலிருந்தே கத்தினார்: "என்னண்ணே, உங்க வீட்டுக்காரம்மா பெரியப்பாவுக்குச் செருப்பை மாத்திப் போட்டுட்டாங்களாமே?"

"யானைக்கே அடி சறுக்கும். இவரு யானையைவிடப் பெரியவரு" என்றார் மாமா. "அது போகட்டும், இப்ப உன் கால்ல மாறித்தானே இருக்கு?"

ரொட்டிக்கடைக்காரர் குனிந்து பார்த்தார். செருப்பு சரியாகத்தான் இருந்தது. அதற்குள் கடையில் நின்றவர்கள் எல்லாரும் அவரவர் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அக்கா இன்னும் ஒரு தடவை வருடக் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. அந்த மாதமும் அவள் சரியாகச் சாப்பிடவில்லை. அதற்கு அடுத்த வருடம், பனி விலகி மலைப்பாதை திறந்த வாரத்தில், தபால்காரர் ஆர்டரைக் கொண்டுவந்தார். கடையில் மாமாவிடம் கொடுக்காமல், மியூசியத்துக்கே ஏறிப்போய் அக்கா கையில் கொடுத்தார். பை வலது தோளில் இருந்தது என்று மாமா பிறகு சொன்னார்.

டாக்டரம்மா தன் கட்டுரைக்கு ஒரு திருத்தம் எழுதினார், மூன்று பக்கம். அதன் கடைசி வரியில் உள்ளூர் பூட்ஸ் தைப்பவர் ஒருவருக்கு நன்றி சொல்லியிருக்கிறது. மாமா அதைக் கண்ணாடி போட்டுக் கடையில் மாட்டியிருக்கிறார், முழங்கால் உயரத்தில். கேட்டால், அங்கேதான் தன் கண் படும் என்கிறார்.

பெரியப்பா இப்போது பாதம் நேராக நிற்கிறார். பலகையில் சேறு, சதுப்பு எல்லாம் அழிக்கப்பட்டு இரண்டே வரி இருக்கிறது. மலைமேல் இன்னும் இரண்டு விலங்குகளைத் தோண்டிக்கொண்டிருக்கிறார்கள். அங்கே கட்டின்மேல் எழுதிய பிறகுதான் புரட்டுகிறார்கள், மழை பெய்தாலும் சரி. அக்கா காலை ஒன்பது மணிக்கு வேலைக்குப் போகிறாள். எல்லா மாதமும் சாப்பிடுகிறாள்.